சக்கர நாற்காலியில் இருக்கும் 9 வயது மகளோடு ஏலகிரியில் 2 இரவு கூடாரம்: என்னென்ன பார்க்க வேண்டும்?

கவிதா_அம்பத்தூர் (கேள்வி)

வணக்கம். ஜனவரி கடைசியில் ஏலகிரியில் ஒரு தனியார் கேம்ப்பில் 2 இரவு கூடாரத்தில் தங்கலாம் என்று இருக்கிறோம். நான்கு பேர்: நான், கணவர், மகள் (9 வயது, 24 கிலோ), மகன் (5 வயது).

மகளுக்கு ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத நிலை). இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, நிற்க முடியாது. உட்காரும் பேலன்ஸ் நன்றாக இருக்கும், சமதரையில் தானே தள்ளிக்கொள்வாள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்). தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) உண்டு. வீல்சேர் மடக்கும் அலுமினிய வகை, 14 கிலோ, வெளி அகலம் 22 இன்ச். பின்னால் 24 இன்ச் காற்று டயர், முன்னால் 6 இன்ச் சாலிட் வீல். குஷன் காற்றடைத்தது.

கேம்ப்பில் போனில் கேட்டால் "வீல்சேர் தாராளமா வரும் மேடம், எல்லா வசதியும் இருக்கு" என்கிறார்கள். அந்த "எல்லா வசதி"யை எப்படி நம்புவது? எந்த மாதிரிக் கூடாரம், புல்தரையில் வண்டியை எப்படி ஓட்டுவது, டாய்லெட்டுக்கு என்ன செய்வது, இரவுக் குளிருக்கு என்ன? ரயிலா, காரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலையடிவாரம்

மேடம், "வீல்சேர் வருமா" என்று கேட்டால் யாரும் வராது என்று சொல்ல மாட்டார்கள். வாசலில் நாலு படி இருந்தாலும் "பசங்க தூக்கி விட்டுடுவாங்க" என்பதைத்தான் வசதி என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அளவு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ கேளுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் வரை, கூடாரத்திலிருந்து டாய்லெட் வரை, கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி ஒரே ஓட்டமாக நடந்து எடுக்கச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், படிக்கட்டு அந்த வெட்டில்தான் ஒளிந்திருக்கும்.

கேட்க வேண்டியவை: டாய்லெட் கதவைத் திறந்த பிறகு உள்ளே புகக் கிடைக்கும் இடைவெளி எத்தனை இன்ச் (நிலையின் அளவு இல்லை, கதவுப் பலகையின் தடிமன் கழித்து). உங்கள் வண்டி 22 இன்ச், எனவே நேராக நுழைய 26 இன்ச்சாவது வேண்டும். கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? உள்பக்கம் திறந்தால் வண்டி உள்ளே போனதும் கதவை மூட முடியாது. வாசற்படி எத்தனை இன்ச் உயரம்? இரவில் அந்த வழியில் விளக்கு உண்டா? கார் கூடாரத்துக்கு எவ்வளவு பக்கம் வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "20 அடி" என்று பதில் வந்தால் பாதிக் கவலை விட்டது.

ஏலகிரியில் பல கேம்ப்கள் சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய தளத்தில் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் இடையில் கல் படி. "வியூ பாயின்ட் டென்ட்" என்று காசு கூடுதலாகக் கேட்பது எப்போதும் மேல்தளத்தில்தான். உங்களுக்கு அது வேண்டாம். பார்க்கிங்குக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் பக்கத்தில், கீழ்தளத்தில் ஒன்றை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் கேளுங்கள். கீழ்தளத்தின் ஒரே குறை அதுதான்.

ரயிலா காரா என்றால் கார். ஜோலார்பேட்டை வரை நிறைய ரயில் உண்டு, கட்டணச் சலுகையும் உண்டு (ஸ்லீப்பர், மூன்றாம் ஏசியில் 75 சதவீதம், துணைக்கு வரும் ஒருவருக்கும் சேர்த்து, ரயில்வே கொடுக்கும் சலுகை அட்டை வேண்டும்). ஆனால் பெட்டிக் கதவில் படி ஏற வேண்டும், பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், இறங்கக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம். அங்கிருந்து மலைக்கு எப்படியும் வண்டி பிடிக்கணும். சென்னையிலிருந்து காரில் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். மகனுக்குப் பொழுதுபோகும். ஊட்டி, கொடைக்கானல் போல இ-பாஸ் தொல்லை இங்கே இல்லை.

---

சக்கரம்_சரவணன்

அக்கா, வண்டி விஷயத்தை நான் சொல்றேன்.

உங்க வண்டியில பிரச்சினை முன்சக்கரம்தான். 6 இன்ச் சாலிட் வீல் புல்லுல புதையும், செம்மண் ஜல்லியில மாட்டும், சின்னக் கல்லு தடுத்தாக்கூட டக்குனு நிக்கும். வண்டி நிக்கும், பிள்ளை முன்னாடி போவும். அதனால வெளி இடத்துல இடுப்பு பெல்ட் இல்லாம தள்ளவே கூடாது, பேலன்ஸ் நல்லா இருந்தாலும்.

புல்தரையில தள்ளுறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு: பின்னால சாய்ச்சு, முன்சக்கரத்தைத் தரையிலேர்ந்து தூக்கி, பெரிய சக்கரத்துலயே உருட்டுறது. இதுக்குப் பின்னாடி இருக்கிற, வண்டி மல்லாக்கக் கவுறாம தடுக்கிற ஆன்டி-டிப்பர் குட்டிச் சக்கரத்தை மேலே திருப்பி வைக்கணும், இல்லாட்டி சாயாது. திரும்ப நிறுத்தும்போது கீழே இறக்கி விட மறக்காதீங்க. ரெண்டு: மணல், சேறுன்னா வண்டியைத் திருப்பி, பின்பக்கமா இழுத்துட்டுப் போறது. முன்னாடி தள்ளுறதை விட இது ரொம்ப லேசு. மேடுன்னா 2 மீட்டர் நாடா ரெண்டு வாங்கி, முன்னால ஃப்ரேம் குழாயில ரெண்டு பக்கமும் கட்டிக்கோங்க. ஒருத்தர் முன்னால இழுக்க, ஒருத்தர் பின்னால தள்ள. ஃபுட்ரெஸ்ட்ல கட்டாதீங்க, கழண்டு கையோட வந்துடும்.

படியில தூக்குறப்பவும் அதேதான். கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட், ஃபுட்ரெஸ்ட் ரெண்டுமே கழட்டி மாட்டுற பாகம். உதவி பண்ண வர்றவங்க முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க. "அண்ணா, ஃப்ரேமைப் பிடிங்க"ன்னு கையை எடுத்து வச்சுக் காட்டுங்க. சரிவுல இறங்கும்போது வண்டியைத் திருப்பி, நீங்க கீழ்ப்பக்கம், வண்டி உங்க மேல சாய்ஞ்ச மாதிரி பின்பக்கமா இறக்குங்க.

டயர்ல எவ்வளவு காத்துன்னு சுவர்லயே போட்டிருக்கும். புல்லுக்குக் கொஞ்சம் இறக்கினா நல்லா உருளும், குலுக்கலும் குறையும். ஆனா ஒரு சிக்கல்: உங்க பிரேக்கு டயரை அழுத்தித்தான் பிடிக்குது. காத்து குறைஞ்சா டயர் உள்ள போகும், பிரேக் பிடிக்காது. லாக் போட்டிருக்கோம்னு நம்பி விட்டா வண்டி தானா உருளும். காத்தை இறக்கினதும் பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்க. வழுக்கினா பிரேக் போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கைப் பின்னால டயர் பக்கமா கொஞ்சம் நகர்த்தணும். எப்படியிருந்தாலும் ரெண்டு மரக்கட்டை ஆப்பு எடுத்துட்டுப் போங்க. கேம்ப்ல எங்கயும் முழுச் சமதரை கிடையாது.

டியூப் வாங்கும்போது 24 × 1 3/8-னு மட்டும் பார்த்து டயரும் சேர்த்து வாங்கிடாதீங்க. அதே எழுத்துல ரெண்டு ரிம் சைஸ் இருக்கு. வீல்சேருக்கு 37-540. 37-547-னு இருந்தா டயர் உக்காராது. டயர் சுவர்ல அந்த நம்பரைப் பாத்துக்கோங்க.

பையில: டியூப் 1, பஞ்சர் பேட்ச், டயர் லீவர் 2, கை பம்பு (உங்க வால்வு சைக்கிள் வால்வா, கார் வால்வான்னு பாத்து), ஆலன் கீ 4, 5, 6, அச்சு நட்டுக்கு ஸ்பேனர், கேபிள் டை பத்து, இன்சுலேஷன் டேப். போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லா நட்டையும் ஒரு சுத்து இறுக்கிப் பாருங்க. காஸ்டர் (முன்சக்கரம்) அச்சுல சுத்தியிருக்கிற முடி, நூலை பிளேடால எடுத்துடுங்க. பாதிப் பேரு வண்டி இழுக்குதுன்னு சொல்றது அதனாலதான்!

வாசற்படிக்குப் பலகை: 18 எம்எம் பிளைவுட், 4 அடிக்கு 2½ அடி. 11 கிலோ வரும். அடியில ரெண்டு ஓரத்துலயும் ரீப்பர் அடிச்சா நழுவாது. கணக்குப்படி 6 இன்ச் படிக்கு 6 அடி பலகை வேணும் (1-க்கு 12). பெரியவங்க தள்ளுறதால, பிள்ளையும் லேசுங்கறதால, 4 அடி போதும். அவளே ஏறிக்கட்டும்னு விடாதீங்க, அந்தச் சரிவுல பின்னால கவுந்துடும்.

---

நிலா_பிசியோ

கவிதா, உணர்ச்சி இல்லாத தோல் என்பதால் நான் பயப்படும் விஷயங்கள் வேறு.

முதலில் குஷன். சென்னையில் சரியாகக் காற்று வைத்த குஷன், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உப்பிக் கெட்டியாகும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே எட்டில் ஒரு பங்கு குறைவு. கெட்டியான குஷனில் அவள் ஆடுவாள், எலும்பு அமிழாது, அழுத்தம் ஓரிடத்தில் குவியும். மேலே போனதும் கையை அடியில் விட்டுப் பாருங்கள்: உட்காரும் எலும்புக்கும் குஷனின் அடிப்பகுதிக்கும் இடையில் அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை இருக்கணும். கூடுதல் காற்றை விடுங்கள். இறங்கி வந்ததும் மறுபடி நிரப்புங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காற்று குறைந்த குஷனில் சென்னை வந்து பள்ளிக்குப் போனால் எலும்பு பலகையில் உட்கார்ந்த மாதிரி. பம்பு கையிலேயே இருக்கட்டும்.

காரில் அந்தக் காற்றுக் குஷனைச் சீட்டில் போட்டு உட்கார வைக்க வேண்டாம். பெல்ட் தளரும், பிரேக் போட்டால் அடியில் சறுக்குவாள். காரின் சீட்டிலேயே உட்காரட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து 5 நிமிடம். வேனில் வீல்சேரிலேயே உட்கார வைத்துப் போகலாமே என்று டிரைவர் சொல்வார். நான்கு மூலையிலும் வண்டியைத் தளத்தோடு கட்டும் பெல்ட்டும், பிள்ளைக்குத் தனித் தோள் பெல்ட்டும் இல்லாத வேனில் அது கூடவே கூடாது.

படுக்கை: காற்று மெத்தை வேண்டாம். நடுராத்திரி காற்று இறங்கும், அவளுக்குத் தெரியாது, காலையில் இடுப்பெலும்பு தரையில் கிடக்கும். 4 இன்ச் ஃபோம் மெத்தை எடுத்துப் போங்கள். மடக்குக் கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. தரையிலிருந்து 24 கிலோவைக் குனிந்து தூக்குவதில் முதலில் போவது உங்கள் முதுகு. கட்டில் உயரம் வீல்சேர் குஷனின் உயரத்துக்கு, அதாவது 18 இன்ச்சுக்கு, நெருங்க இருந்தால் பலகை வைத்து நகர்ந்துகொள்வாள். கட்டிலின் குறுக்குக் குழாய் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து மேலே மெத்தை போடுங்கள். முனையில் உட்கார வைத்தால் அந்தக் கட்டில் குப்புறக் கவிழும், நடுவில்தான் உட்கார வேண்டும்.

குளிர், நெருப்பு. சுடுதண்ணீர்ப் பை வேண்டவே வேண்டாம், துணி சுற்றியும் வேண்டாம். கேம்ப் ஃபயர் பக்கம் 6 அடிக்கு மேல் தள்ளி உட்காரட்டும். ஃபுட்பிளேட் உலோகமானால் சூடேறும், காலணி போட்டிருந்தாலும். சுடச்சுட டீ, சூப், மேகி எதையும் மடியில் வைத்துச் சாப்பிடக் கூடாது. உணர்ச்சி இல்லாத தொடையில் கொட்டினால் அவள் துள்ள மாட்டாள், நீங்கள் பார்ப்பதற்குள் கொப்புளம். பகலில் வெயிலில் நின்ற வண்டியின் குழாயும் அப்படித்தான். உட்கார வைக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி புரட்டிப் போடுங்கள்.

காலையும் இரவும் டார்ச் வைத்து உடம்பைப் பாருங்கள்: புட்டம், குதிகால், கணுக்கால், முழங்கால் மடிப்பு. எறும்பு, உண்ணி கடித்தாலும் அவளுக்குத் தெரியாது. (வால்பாறை, மூணாறு என்று மழைக்காலத்தில் போனால் அட்டைக்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்கணும். ஏலகிரியில் அந்தக் கவலை குறைவு.) சிவந்த இடம் தெரிந்தால் அழுத்தத்தை எடுங்கள். அரை மணி நேரத்தில் சிவப்பு மறையவில்லையென்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் உட்காரவோ படுக்கவோ கூடாது. சுற்றிப் பார்ப்பதும் அன்றைக்கு இல்லை.

ஷன்ட் இருப்பதால் இன்னொன்று. வளைவில் வாந்தி எடுப்பது எல்லாப் பிள்ளைகளும்தான். ஆனால் மேலே போய் ஓய்வெடுத்த பிறகும் வாந்தி தொடர்ந்தால், தலைவலி, அசாதாரணத் தூக்கம் சேர்ந்தால், அதைப் பயண வாந்தி என்று விடாதீர்கள். உடனே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஷன்ட் பற்றிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கையில் இருக்கட்டும். 108-ஐ அழைக்க சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று போனதுமே பார்த்து வையுங்கள்.

---

தேன்மொழி_சேலம்

கவிதா, டாய்லெட் பற்றி யோசித்து யோசித்துப் பயணத்தையே விட்டுவிடாதீங்க. கதீட்டருக்கு டாய்லெட் வேண்டியதே இல்லை. கூடாரத்துக்குள் படுக்க வைத்தே செய்யலாம். அடியில் விரிக்க ஷீட், மூடி போட்ட ஒரு பாட்டில், கைகழுவ 5 லிட்டர் குழாய் கேன், சோப்பு. காட்டுத் தண்ணீரில் கதீட்டர் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம், இந்த 3 நாளும் ஒவ்வொரு தடவையும் புதுசு. ஒரு நாளைக்கு 5 என்றால் 15, கீழே விழுந்து வீணாவதற்கு 5, ஆக 20. அதை இரண்டு பையில் பிரித்து வையுங்க, ஒன்று காரில், ஒன்று கையில்.

ரப்பர் அலர்ஜி இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம். கையுறை நைட்ரைல். கேம்ப்பில் பிறந்தநாள் பலூன், ரப்பர் பேண்ட், ரப்பர் பூசிய விரிப்பு எல்லாம் இருக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்க.

மலம் கழிப்பதற்குத்தான் இடம் வேண்டும். உட்காரும் இடத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கமோடு நாற்காலி, அடியில் பையிட்ட மூடி பக்கெட், சுற்றிலும் உடை மாற்றும் சின்னக் கூடாரம். தரை மண்ணானால் நாற்காலியின் கால் புதைந்து சாயும், நாலு காலுக்கும் அடியில் பலகை. வீட்டில் எந்த நேரத்தில் செய்வீங்களோ அதே நேரம். புது மாத்திரை, புது உணவு இரண்டையும் பயணத்தில் ஆரம்பிக்காதீங்க. வீட்டுச் சாப்பாட்டுக்கு நெருங்கிய இட்லி, தயிர்சாதம் கேம்ப்பில் கேட்டு வாங்கலாம்.

தண்ணீரைக் குறைத்தால் டாய்லெட் குறையும் என்று நிறைய அம்மாக்கள் செய்வது தப்பு. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்தான் வரும். வீட்டில் குடிக்கும் அளவே அங்கேயும்.

டயப்பர், பயன்படுத்திய கதீட்டர் எல்லாம் இரட்டைப் பையில் கட்டி, காரில் வைத்துக் கீழே கொண்டு வந்துடுங்க. புதைத்தால் நாய், பன்றி தோண்டும். வெளியே வைத்தால் குரங்கு பிரித்துக் கேம்ப் முழுக்க இறைத்துவிடும்!

---

கவிதா_அம்பத்தூர்

எல்லோருக்கும் நன்றி. குஷன் விஷயம் சுத்தமாகத் தெரியாது. கூடாரம் அவர்களே தருகிறார்கள், 3 பேருக்கான டோம் வகை இரண்டு. அது போதுமா? அங்கே போய்த்தான் எல்லாம் தெரியவரும் என்று இருப்பது பயமாக இருக்கிறது, முன்கூட்டிப் பழகிப் பார்க்க வழி உண்டா?

---

மலையடிவாரம்

3 பேர் டோம் நடுவில் 4 அடி உயரம்தான் இருக்கும். நிமிர்ந்து நின்று பிள்ளையைத் தூக்க முடியாது, இரவில் புரட்டிப் படுக்க வைக்கவும் கஷ்டம். 6 அடி உயரமுள்ள, சுவர் நேராக நிற்கும் 6 பேர் கூடாரம் ஒன்று கேளுங்கள், அல்லது வாடகைக்கு எடுத்துப் போங்கள். வாசலில் தரைத்துணி 4, 5 இன்ச் மேலே மடங்கி நிற்கும். ஜிப் திறந்தால் அது தரையோடு படியும் மாடலா என்று பாருங்கள். படியாவிட்டால் கார் மேட்டை மடித்து இரண்டு பக்கமும் வைத்து ஏற்றலாம். உள்ளே பழைய ஜமக்காளம் விரியுங்கள், இல்லையென்றால் சக்கரத்தில் ஒட்டிய கல் தரைத்துணியைக் கிழிக்கும். வண்டியை இரவில் வெளியே விடக் கூடாது. பனியில் சீட் துணி நனைந்தால் காலை முழுக்க ஈரத்தில் உட்கார வேண்டும். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், காஸ்டர் மாட்டுவது அதில்தான்.

பழகிப் பார்க்க மொட்டை மாடி இருக்கிறதே. லிஃப்ட் உள்ள வீடானால் ஒரு சனிக்கிழமை இரவு அங்கேயே கூடாரம் போட்டு, கதீட்டர், படுக்கை, புரட்டுவது எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் செய்து பாருங்கள். எது குறைகிறது என்று காலைக்குள் பட்டியல் வந்துவிடும். மணலில் தள்ளிப் பழக மெரினா போங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-இல் போட்ட 263 மீட்டர் மரப்பாதை கடல் பக்கம் வரை போகும். பாதையை விட்டுப் பத்தடி மணலில் இறக்கி, சரவணன் சொன்னபடி பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள்.

---

சக்கரம்_சரவணன்

மெரினா போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்தி மணலைக் கழுவி, துடைச்சு, காஸ்டர் பேரிங்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. உப்பு ஒரு வாரத்துல பேரிங்கைப் பிடிச்சுடும், அப்புறம் ஏலகிரியில போய்க் கிறீச்சுனு நிக்கும்.

---

நிலா_பிசியோ

புங்கனூர் ஏரியில் படகில் ஏற்றினால் வீல்சேரைக் கரையிலேயே விட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டு, பெரியவர் மடிக்கு முன்னால் படகின் சீட்டில் உட்கார வைக்க வேண்டும். படகில் அவளை எதோடும் பெல்ட் போட்டுக் கட்டக் கூடாது. சீட் கட்டைப் பலகைதான், அதனால் அரை மணி நேரச் சவாரி வேண்டாம், அடியில் ஃபோம் போட்டுக் கால் மணி நேரம் போதும்.

ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை ஏற்றத்தை விட்டுவிடுங்கள், பாறைப் பாதை. மாலை 7 மணிக்கு மேல் கேம்ப் விளக்கை அணைக்கச் சொல்லி, வண்டியின் ஆன்டி-டிப்பரைக் கீழே இறக்கி, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து வானம் பார்க்க விடுங்கள். அங்கிருந்து அதிகத் தூரமில்லாத காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், வானம் அப்படி. கழுத்து வரை போர்வை, தொப்பி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து ஒரு நிமிடம்.